மேல் வீட்டுத் தண்ணீர்

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். ஈரச் சுண்ணாம்பும் ஊறிப்போன பலகையும் கலந்த வாடை. கொடுமுடியில் என் கணவரின் அத்தை பேத்திக்குக் கல்யாணம். இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயமுத்தூர் திரும்பியிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் கூடத்துத் தரையில் தண்ணீர் நின்றது. எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. தையல் அறைக் கதவின் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணபதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்களுடையது. எங்களுக்கு மேலே ஒரே ஒரு வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. என் கணவர் பம்ப் செட் செய்யும் ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். நான் வீட்டிலிருந்தே கல்யாண ரவிக்கை தைக்கிறேன். கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோர்த்துச் செய்யும் ஆரி வேலை. பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, முந்தானையில் குஞ்சம் கட்டித் தருவதும் உண்டு. அதற்காகவே இரண்டாவது படுக்கையறையைத் தையல் அறையாக மாற்றிக்கொண்டேன். அங்கே இருப்பதில் பாதிக்கு மேல் என்னுடையதல்ல. அடுத்தவர்கள் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவை.

கதவைத் தள்ளினேன். பாதியில் எதிலோ முட்டி நின்றது. மேலே போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங் பலகைகள் ஊறி உடைந்து மேசைமேலும் தரையிலும் விழுந்திருந்தன. அவை இருந்த இடத்தில் கான்கிரீட் தெரிந்தது. அதன் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டாகக்கூட இல்லை, நூல் பிடித்ததுபோல இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் என்னை இழுத்து நிறுத்திவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். நான் உள்ளே போனேன்.

மிஷின் நனைந்திருந்தது. ஆரிச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த ரவிக்கைத் துணி தொய்ந்து தொங்கியது. அதையெல்லாம் நான் பார்க்கவேயில்லை. மேசைக்குப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டைத்தான் பார்த்தேன். பவானிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கொடுத்த, அவர் மகளின் முகூர்த்தப் புடவையை அங்கேதான் துணிப்பையில் வைத்திருந்தேன். சந்தன நிறத்தில் பட்டு. அதன்மேல் வேறு யாருக்கோ எடுத்து வைத்த அரக்கு நிற லைனிங் துணி இருந்தது. பையைப் பிரித்தபோது அரக்குச் சாயம் புடவைக்குள் மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது. தண்ணீரோடு வந்த இரும்புத் துரு வேறு. நான் அதைத் துவைக்கப் போகவில்லை, தண்ணீரில் முக்கவில்லை. தொழில் தெரிந்தவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தப் புடவை முடிந்துபோனது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன, அவ்வளவுதான்.

மேல் வீட்டுக்காரர் நூல் வியாபாரம் செய்கிறவர். அறுபதைத் தொட்டிருப்பார். எங்கள் குடியிருப்பின் சங்கத் தலைவரும் அவர்தான். என் கணவர் போய்ச் சொன்னதும் உடனே இறங்கி வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வேட்டி நனைந்துவிடும் என்று வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"அடடா, என்னுங்க அம்மணி இப்படி ஆயிப்போச்சு. ஐப்பசி மழை பாருங்க. செவுத்துல எங்கியாச்சும் வெடிப்பு உட்டிருக்குமுங்க."

"உங்க பாத்ரூமுக்கு நேர் கீழதானுங்க இந்த ரூம்," என்றேன்.

"எங்க பாத்ரூம ஆடி மாசந்தானுங்க புதுசாப் பண்ணுனோம். பூராவும் புது டைல்ஸ், புதுக் குழாய். அங்கிருந்து வாரதுக்கு வாய்ப்பே இல்லீங்க. மழைத் தண்ணிதானுங்க இது. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க, பாத்துக்கலாமுங்க."

எனக்குத் தெரிந்து அன்று காலையிலிருந்து மழை இல்லை. பஸ்ஸில் வரும்போது பெருந்துறையிலும் அவிநாசியிலும் வெயில்தான். மழையென்றால் நின்றதும் குறைய வேண்டும். இது நூல் பிடித்ததுபோல விழுந்துகொண்டே இருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், "சரிங்க, பாத்துக்கலாமுங்க," என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சின் மரியாதையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. ஒரு 'ங்க' போட்டு ஒருவர் பொய் சொன்னால், நாம் இன்னொரு 'ங்க' போட்டுத் தலையாட்டியாக வேண்டும். இல்லையென்றால் மரியாதை தெரியாதவள் நாம்தான்.

மறுநாள் பவானிக்குப் பஸ் ஏறினேன். போனிலேயே சொல்லிவிடு என்றார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. புடவையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. கொஞ்சம் மஞ்சள் போட்டிருக்கிறார், இரண்டு மாடு. மகள் ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்தப் புடவையை அவளே தன் சம்பளத்தில் எடுத்திருந்தாள் என்பது அன்று அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பையைப் பிரித்தேன். அவர் புடவையை மடியில் விரித்து, கறைமேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். மேல் வீட்டுத் தண்ணீர், நாங்கள் ஊரில் இல்லை, எல்லாம் சொன்னேன். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சாக்குச் சொல்கிற குரல்.

அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணிய நீங்க ஊத்துலீங்க அம்மணி. அது எனக்குத் தெரியுது. ஆனா நான் உங்க கைலதானுங்க குடுத்தேன்."

வேறு புடவை எடுத்துத் தருகிறேன், ரவிக்கையும் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் வேலையிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்று நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். திட்ட வேண்டியவர் திட்டாமல் இருந்தார், திட்டு வாங்க வேண்டியவர் மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடியது.

தண்ணீர் நூலிலிருந்து சொட்டாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடியில் வைத்த வாளியைக் காலையும் மாலையும் கொட்டிக்கொண்டிருந்தேன். மேல் வீட்டுக்காரரே ஒரு யோசனை சொன்னார். அவருக்குத் தெரிந்த பையன்கள் நீர்க்கசிவு சரிசெய்யும் கம்பெனி நடத்துகிறார்களாம். அவரே போன் செய்து வரச்சொல்கிறாராம். என் கணவருக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. "பாரு, மனுசன் எவ்வளவு அக்கறையா இருக்காரு," என்றார்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரே மாதிரி நீல டி-சர்ட், கையில் ஒரு டேப்லெட். முன்னால் நின்று பேசியவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்தான். அது கீச்சென்று கத்தியது. "மாய்ச்சர் இருக்குங்க மேடம்," என்றான். தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரைக் கருவி வைத்தா கண்டுபிடிக்க வேண்டும்?

"எங்கிருந்து வருதுன்னு சொல்லுங்க தம்பி. மேல போய்ப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் தேவையில்லீங்க மேடம். கீழ இருந்தே ஊசி மூலமா கெமிக்கல் ஏத்திருவோம். கான்கிரீட்ல இருக்கற எல்லா ஓட்டையும் அடைஞ்சுபோயிரும். பத்து வருசம் வாரண்டிங்க."

பணம் முழுவதையும் வேலை தொடங்கும் முன்பே கேட்டார்கள். கொடுத்தோம். கான்கிரீட்டில் வரிசையாகத் துளை போட்டார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குழல் செருகி எதையோ உள்ளே ஏற்றினார்கள். அறை முழுக்கப் பெட்ரோல் மாதிரி நாற்றம். தலைவலி வந்து நான் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்ததும் சொட்டு நின்றிருந்தது. அது உண்மை. அன்று எனக்கே அவர்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மறுநாளே பட்டி பூசி வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். சுவரைத் தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கிறதே என்றேன். "அது ஏசி போட்ட மாதிரிதானுங்க மேடம், காயக் காயச் சரியாயிரும்," என்று சிரித்தான். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கார்த்திகை பிறக்கும்போது பெயிண்டில் கொப்புளம் வந்தது. முதலில் ஒரு மூலையில். பிறகு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு. ஒருநாள் குச்சியால் தொட்டேன். தோல்போல உரிந்து, உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் என் கையில் வழிந்தது. துளை போட்ட இடங்களிலிருந்து இப்போது தனித்தனியாகச் சொட்டியது. முன்பு ஓர் இடத்தில் வந்த தண்ணீர் இப்போது பல இடத்தில். சுவரில் கரும்பச்சையாகப் பூஞ்சை. அந்த அறையில் மிஷினை வைக்க முடியவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து தைத்தேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு துணிப் பையைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அந்த வீட்டில் பட்டுத் துணி கொடுக்க மாட்டேன்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல், "டெக்னீசியன் ஈரோடு சைட்ல இருக்காருங்க மேடம், வந்தொடனே அனுப்பறோமுங்க," என்றது. அடுத்த முறை திருப்பூர். அதற்கடுத்த முறை பொள்ளாச்சி. கொங்கு நாடு முழுக்க அவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்போல.

இந்தச் சமயத்தில்தான் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சர் வேறொரு ஆளைச் சொன்னார். தண்ணீரால் கெட்டுப்போன வீடுகளைச் சரிசெய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண் இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து தொழில் செய்கிறார். வந்து பார்ப்பதற்கே தனியாகப் பணம் வாங்கினார். சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எங்கள் ஊர்போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடவில்லை.

"ஈரம் காயாம பெயிண்ட் அடிச்சது யாரு?"

சொன்னேன்.

"மேல என்ன இருக்கு?"

"பாத்ரூம்."

"அத ஒடைக்காம நான் இங்க ஒரு ஆணி அடிக்க மாட்டேன். பாத்ரூம் தளத்தைப் பள்ளமா விட்டு, அதுக்குள்ள குழாயப் பதிச்சு மூடியிருப்பாங்க. குழாய் கசிஞ்சா அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கும். தேங்கினது கீழ வரத்தான் செய்யும். இவங்க ஊசி போட்டது தொட்டிக்கு அடியில ஒட்டுப் போட்ட மாதிரி. மேல போய் ஒடைக்கச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க."

அவர் போனபிறகு என் கணவரை மேலே அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "சங்கத்துல வெச்சுப் பேசலாம்னு சொல்றாரு. தை மாசம் பொதுக்குழு இருக்குதாமா." அதைச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எங்கள் இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் நான் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

"தை வரைக்கும் நான் எங்க உக்காந்து தைக்கறது?"

"வம்பு எதுக்குன்னு பாத்தேன்," என்றார். "ஒரே கட்டடத்துல இருக்கறோம். நாளைக்கு மூஞ்சியப் பாக்கணுமல்ல."

"நான் பவானியில ஒரு மூஞ்சியப் பாத்துட்டு வந்தேனே, அது?"

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். மேல் வீட்டு வாசலுக்கு ஒரு திருப்பம் முன்பாகவே பேச்சுக்குரல் கேட்டது. ஒன்று வீட்டுக்காரர் குரல். இன்னொன்று நீல டி-சர்ட்டுக்காரன். ஒருவழியாக வந்துவிட்டான், ஆனால் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நேராக மேலே போயிருக்கிறான்.

"சார், மேல ஒடைக்காம நாங்க எத்தனை தடவ ஊசி போட்டாலும் நிக்காதுங்க. மொதல்லயே சொன்னேனுங்களே."

"நிக்க வேண்டாந் தம்பி. நின்னாப்பல இருந்தாப் போதும். தை வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டு. தையில பையனுக்கு நிச்சயம் வெச்சிருக்கறேன். சொந்தம் ஒறம்பரை பூராவும் வருவாங்க. ஊட்ட ஒடைச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்?"

வாளியைப் படியில் வைத்தேன். அவன் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறான். இவருக்கும் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் வீட்டு வாசலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழைத் தண்ணி, வெசனப்படாதீங்க என்று சொல்லியிருக்கிறார். தன் மகனின் நிச்சயத்துக்கு வீடு அழகாக இருக்க வேண்டும். இன்னொரு வீட்டுப் பெண் தன் சம்பளத்தில் எடுத்த முகூர்த்தப் புடவை எப்படிப் போனால் என்ன?

அவர்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். போனேன். "வாங்க அம்மணி, துணி காயப் போடறீங்களா," என்றார் அவர். நான் நிற்காமல் ஏறினேன். மொட்டை மாடியில் தொட்டிக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வால்வு உண்டு. பெயிண்டால் வீட்டு எண் எழுதியிருக்கும். அவர்கள் வீட்டு வால்வை அது மேற்கொண்டு திரும்பாத வரைக்கும் இறுக்கி மூடினேன். தொட்டியின் திண்டில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். பின்னால் அவர் மனைவி, ஈரக் கையோடு. சத்தம் கேட்டு வேறு வீட்டிலிருந்தும் இரண்டு மூன்று பேர். என் கணவருக்கு யாரோ போன் செய்திருக்க வேண்டும், ஃபவுண்டரியிலிருந்து அவரும் வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணிய நிறுத்திப்போட்டீங்களாமா? இது தப்புங்க. அடுத்த ஊட்டுத் தண்ணிய நிறுத்தறது சட்டப்படிக் குத்தமுங்க."

"குத்தந்தானுங்க. போலீஸக் கூப்புடுங்க," என்றேன். "அவங்க வந்தா என்ற ஊட்டையும் காட்டறேன். மழை பேஞ்சு மூணு வாரமாச்சு. இன்னமும் சொட்டுது. இப்ப வால்வை மூடியிருக்கறேன். நாளைக்குக் காலைல சொட்டு நின்னிருந்தா அது உங்க தண்ணி. நிக்காமச் சொட்டுனா நான் எல்லாரு முன்னாலயும் உங்க கால்ல விழறேன்."

"கோபப்படாதீங்க. பேசித் தீத்துக்கலாமுங்க."

"படிக்கட்டுல பேசிட்டிருந்தீங்களே, அதக் கேட்டுட்டுத்தானுங்க வாரேன். நின்னாப்பல இருந்தாப் போதும்னீங்க."

கூடியிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் மாறவில்லை. மாறாத அந்த முகத்தை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நீங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க," என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவர் மனைவி பேசினார். அந்த அம்மாவை நான் அதுவரை நாலு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. லிஃப்ட்டில் பார்த்தால் சாப்பிட்டீங்களா என்பார், அவ்வளவுதான். கணவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஹீட்டர் குழாய் ஜாயின்ட்டுல கசியுதுன்னு அந்தக் கொத்தனாரே ஆடியில சொன்னாருங்க. ஒடைச்சு மாத்தோணும்னாரு. புது டைல்ஸை ஒடைக்க வேண்டாம்னு இவருதான் சொல்லிப்போட்டாரு. நானும் சும்மா இருந்துட்டேன்."

"நீ உள்ள போ," என்றார் அவர். ங்க இல்லாமல்.

"தண்ணியே வருலயே, உள்ள போயி என்ன பண்றது," என்றார் அந்த அம்மா. போகவில்லை.

என் கணவர் என் பக்கத்தில் வந்து திண்டில் உட்கார்ந்தார். வால்வைத் திற என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மேல் வீட்டுக்காரரிடம், "நாளைக்குக் காலைல வரைக்கும் உங்களுக்கு வேணுங்கற தண்ணிய நான் கொடத்துல கொண்டாந்து ஊத்தறனுங்க. வால்வு மூடியே இருக்கட்டும்," என்றார். சொன்னபடியே அன்று முழுக்கக் கீழேயிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. மேல் வீட்டுக்காரரே சுமக்கட்டுமே என்றிருந்தது. ஆனாலும் என் கணவர் என் பக்கம் நின்ற விதம் அதுதான் என்று ஏற்றுக்கொண்டேன்.

மாலையில் சொட்டு விட்டுவிட்டு விழுந்தது. காலையில் வாளி காய்ந்திருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேல் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. உடைப்பதற்கு ஒப்புக்கொண்டதாக அவர் மனைவிதான் வந்து சொன்னார்.

உடைத்தபோது நானும் பெண் இன்ஜினியரும் கூட இருந்தோம். பளபளப்பான டைல்ஸுக்கு அடியில் மண் சேறாகக் குழைந்திருந்தது. வெந்நீர்க் குழாயின் இணைப்பில் யாரோ துணியைச் சுற்றி, மேலே சிமெண்டை அப்பியிருந்தார்கள். துணி. நான் தொழிலாக வைத்திருக்கும் பொருள். அதை அங்கே அந்தச் சேற்றில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை. சேறு முழுவதையும் அள்ளி, குழாயை மாற்றி, தளத்தில் நீர் இறங்காத பூச்சுப் பூசினார்கள். வாசலை அடைத்துத் தண்ணீர் தேக்கி வைத்து, கீழே ஒரு சொட்டு இறங்குகிறதா என்று பார்த்தபிறகுதான் டைல்ஸ் ஒட்டவிட்டார் இன்ஜினியர். மேல் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். "நிச்சயத்துக்குள்ள முடிக்கோணுமுங்க." இன்ஜினியர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காஞ்சா முடியும்," என்றார்.

என் அறையில் பட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். ஊறிப்போன கதவு நிலையை அறுத்து மாற்றினார்கள். ஈரத்தை உறிஞ்சும் மிஷினையும் பெரிய காற்றாடிகளையும் பல நாள் ஓடவிட்டார்கள். வீட்டில் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இந்தச் செலவை மேல் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். சங்கத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏற்றுக்கொண்டார். ஆனால் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகக் கேட்டதற்கு, "அது உங்க யாவாரமுங்களே அம்மணி," என்றார்.

பவானிப் பெண்ணுக்கு வேறு புடவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவளே வந்து தேர்ந்தெடுத்தாள். கடையில் சந்தன நிறப் புடவைகளை அவள் தொடவேயில்லை. பச்சையில் ஒன்று எடுத்தாள். ரவிக்கையைக் கூடத்து மூலையில் உட்கார்ந்து, கண் எரிய எரியத் தைத்து நேரத்துக்குக் கொடுத்தேன். பத்திரிகை வைத்தார்கள், போனேன். அந்த அம்மா பந்தியில் பக்கத்தில் நின்று பரிமாறச் சொல்லிக் கவனித்துக்கொண்டார். ஒரு குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பவானிப் பக்கத்திலிருந்து எனக்கு ஓர் ஆர்டரும் வரவில்லை.

தையில் மேல் வீட்டு நிச்சயத்துக்கு அழைக்க வந்தார்கள். தட்டில் பூ, பழம், வெற்றிலை. அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, "நீங்க ரண்டு பேரும் முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க," என்றார். எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுவது வழக்கம். நான் தட்டை வாங்கவில்லை.

"நான் வர மாட்டேனுங்க," என்றேன்.

"அதையெல்லாம் மறந்துபோடுங்க அம்மணி."

"மறக்க மாட்டேனுங்க."

அவர் மனைவியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் நல்லா இருக்கட்டும்," என்றேன். அது மனதோடு சொன்னதுதான்.

நீல டி-சர்ட் கம்பெனியை மட்டும் சும்மா விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வேலை செய்ததற்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச்சொல்லி எனக்கு அனுப்பியிருந்த இணைப்பு இன்னும் போனில் இருந்தது. அதிலேயே நடந்ததை எழுதினேன். திட்டவில்லை. என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், கொப்புளத்தின் படம், வாளியின் படம். மறுவாரம் அவர்கள் முதலாளி என் கணவருக்குப் போன் செய்தார். மேடத்திடம் சொல்லி அதை எடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பணம் திருப்பித் தருகிறோம் என்றாராம். என் கணவர் போனை என்னிடம் நீட்டினார். முழுப் பணத்தையும் கொடுத்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பணமும் வரவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து இப்போது பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கொப்புளிக்கிறது, வந்து ஒரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எனக்குக் கட்டட வேலை தெரியாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. போகிறேன். மேலே என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். மேல் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கிறேன். "மழைத் தண்ணின்னாருங்க," என்று அவர்கள் சொன்னதும் என் காது இரண்டும் சூடாகிவிடுகின்றன. வாருங்கள், மொட்டை மாடிக்குப் போகலாம் என்று நான்தான் முன்னால் நடக்கிறேன்.